கறியைத் தீர்மானிப்பது காயா, தேங்காயா?

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போய் ஒரு வாரத்துக்கான காய்கறி வாங்கியாயிற்று. சேனை, ஏத்தங்காய் (நேந்திரங்காய்), தடியங்காய் (வெள்ளைப் பூசணி), முருங்கைக்காய், பாவக்காய் என்று பை நிறைய இருக்கிறது. ஆனாலும் திங்கட்கிழமைக் கறிக்கும் வியாழக்கிழமைக் கறிக்கும் ருசியில் வித்தியாசமே தெரியவில்லை என்ற குறை பல வீடுகளில் உண்டு. காயை மாற்றுகிறோம், தேங்காயை மாற்றுவதில்லை. எந்தக் கறியானாலும் துருவலை மிக்ஸியில் போட்டு வெண்ணெய் போல அரைத்து ஊற்றிவிடுகிறோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தொடுகறிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதே தேங்காயின் பக்குவத்தால்தான். சிவக்க வறுத்து மைய அரைத்தால் தீயல். பச்சையாகக் கரகரப்பாக அரைத்தால் அவியல். வெறுமனே சதைத்துப் போட்டால் துவரன், அதாவது பொரியல். பாதியை அரைத்து, மீதியை வறுத்துப் போட்டால் எரிசேரி.

தீயலில் தொடங்குகிறேன். கை அதிகம் தவறுவது அதில்தான்.

நாலு பேருக்கு ஒரு முறி, அதாவது பாதித் தேங்காய் போதும். நன்றாக விளைந்த காயாக இருக்கட்டும். ஈத்தாமொழி ஊரின் நெட்டைத் தென்னங்காய் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். இளங்காயில் நீர் அதிகம், எண்ணெய் குறைவு. எவ்வளவு வறுத்தாலும் அந்த மணம் வராது. துருவல் ஒரே சீராக விழ வேண்டும். பெரிய துண்டு வெள்ளையாகவே கிடக்கும்போது பொடித் துருவல் கருகிவிடும். சிரட்டையை ஒட்டிய பழுப்புத் தோலையும் சேர்த்துத் துருவினால் நிறம் பார்க்கும் கண் ஏமாந்துபோகும்.

அடிகனமான சட்டியில் 1 டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, துருவலோடு 4 சின்ன உள்ளியை (சின்ன வெங்காயம்) அரிந்து போடுங்கள். அரை டீஸ்பூன் நல்லமிளகு (குறுமிளகு), ஒரு கொத்துக் கறிவேப்பிலை. தீ மிதமாக இருக்கட்டும். முதல் 6, 7 நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். தேங்காயிலுள்ள ஈரம் போய்க்கொண்டிருக்கும் நேரம் அது. பொறுமை போய்த் தீயைக் கூட்டுகிறவர்கள் இங்கேதான் கூட்டுகிறார்கள். ஈரம் போனதும் நிறம் மளமளவென்று மாறும்; பொன்னிறத்திலிருந்து கருகலுக்கு 3, 4 நிமிடம்தான். அப்போது கரண்டியைக் கீழே வைக்கக் கூடாது, கைபேசியையும் எடுக்கக் கூடாது. புதுக் கருப்பட்டியை உடைத்தால் உள்ளே ஒரு செம்பழுப்பு தெரியுமே, அந்த நிறம் வர வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அடுப்பை அணைத்துவிடுங்கள். சட்டியின் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அணைத்த பிறகு ஒன்றரை மேசைக்கரண்டி மல்லித்தூள், 1 டீஸ்பூன் மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு அரை நிமிடம் புரட்டி, உடனே தட்டில் கொட்டிப் பரப்புங்கள். தூளை முதலிலேயே போட்டால் தேங்காய் சிவப்பதற்குள் அது கருகிக் கசந்துவிடும். சட்டியில் புகை எழும்பிவிட்டதா? ஒரு முறித் தேங்காய் போகிறதே என்று பார்க்காமல் கொட்டிவிடுங்கள். லேசான கசப்பை ஒரு துண்டு வெல்லம் மறைக்கும். புகைந்த வாடையை எதுவும் மறைக்காது. பெயரிலே தீ இருந்தாலும் தேங்காய் தீயக் கூடாது.

ஆறியதும் தண்ணீர் விடாமல் அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு எண்ணெய் கசிந்து தார் போலத் திரளும். அதற்குப் பிறகுதான் இரண்டிரண்டு கரண்டியாகத் தண்ணீர். முதலிலேயே தண்ணீர் விட்டால் துருவல் பிளேடுக்குச் சிக்காமல் ஓடும்; கறி திப்பி திப்பியாக இருக்கும்.

இனிக் காய். 200 கிராம் சின்ன உள்ளியைத் தேங்காய் எண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கி, சிறு எலுமிச்சை அளவுப் புளியை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, உப்புப் போட்டு, பச்சை வாடை போக 8 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு அரைப்பைச் சேர்த்து, சிறு தீயில் எண்ணெய் மேலே மிதக்கும்வரை 5, 6 நிமிடம். பாவக்காய்த் தீயல் என்றால் காயை மெல்லிசாக அரிந்து, மொறுமொறுப்பாக வறுத்த பிறகே புளியில் போட வேண்டும். முருங்கைக்காயை வெறும் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்துவிட்டுப் புளி ஊற்றுங்கள். காயின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் இளகினால்தான் காய் மெத்தென்று ஆகும். புளிப்பு அதை இளகவிடாது. அரை மணி நேரம் கொதித்தும் காய் விறைத்து நிற்கிறதே என்றால் காயைக் குறை சொல்லாதீர்கள்.

அவியலுக்கும் இதே விதி. தயிரோ மாங்காயோ புளியோ, வீட்டு வழக்கம் எதுவானாலும் காய் வெந்த பிறகுதான். நாலைந்து பேருக்கு எல்லாக் காயும் சேர்த்து முக்கால் கிலோ, விரல் நீளத்துக்கு நறுக்கியது. சேனையும் ஏத்தங்காயும் முதலில், அரை டம்ளர் தண்ணீர், மஞ்சள், உப்பு. 5 நிமிடம் கழித்து முருங்கைக்காய், கேரட், பயறு (நீளப் பயற்றங்காய்). தடியங்காயும் வெள்ளரிக்காயும் கடைசியில்தான். இரண்டும் தாமாகவே நீர் விடும். அவியல் குழம்பாகிப் போவதற்குப் பாதிக் காரணம் அந்த நீரைக் கணக்கில் சேர்க்காதது. தேங்காய் ஒரு முறி, பச்சைமிளகாய் 6, சீரகம் 1 டீஸ்பூன். இதைக் கரகரப்பாக, அம்மியில் ஒதுக்கியது போல எடுக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த துருவலை அப்படியே அரைத்தால் கொழுப்பு கட்டிகட்டியாகத் தனித்து நிற்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அரையுங்கள். அரைப்பைக் காயின் மேல் வைத்து, மூடி, 3 நிமிடம் ஆவியில் விட்டுக் கிளறுங்கள். தயிர் என்றால் அடுப்பை அணைத்த பிறகு முக்கால் டம்ளர். கொதியில் ஊற்றினால் திரிந்துவிடும். கடைசியாக 2 மேசைக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை. உடனே மூடி 5 நிமிடம் வைத்தால் மணம் கறிக்குள் இறங்கும். இந்த எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது வீண். வேண்டிய மணம் அடுப்பிலேயே ஆவியாகிவிடும். அவியலுக்குக் கடுகு தாளிப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

துவரனுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கால் கிலோ பயறுக்கு 5 மேசைக்கரண்டித் துருவல், 2 பச்சைமிளகாய், 2 சின்ன உள்ளி, சீரகம் கொஞ்சம். மிக்ஸியை இரண்டு தடவை விட்டு விட்டுச் சுற்றினால் போதும். காய் வெந்து நீர் முழுக்க வற்றிய பிறகு இதைச் சேருங்கள். நசநசவென்று ஆகிவிட்டால் மூடியைத் திறந்து, தீயைக் கூட்டி ஒரு நிமிடம் புரட்டுங்கள்.

எரிசேரிக்குச் சேனையும் ஏத்தங்காயும் நல்லமிளகுத்தூளும் நல்ல சேர்க்கை. சேனை கையை அரிக்கக் காரணம் அதிலிருக்கும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள். கையில் எண்ணெய் தடவி, காய்ந்த கத்தியால், ஈரமில்லாமல் அரியுங்கள். துண்டுகளைப் புளித்தண்ணீரில் 10 நிமிடம் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். அரைமுறித் துருவலைச் சீரகத்தோடு அரைத்து வெந்த காயில் கொதிக்கவிட்டு, இன்னொரு அரைமுறியைத் தேங்காய் எண்ணெயில் கடுகோடு சிவக்க வறுத்து மேலே கொட்ட வேண்டும். தீயலுக்கு வறுத்த அளவு வேண்டாம், பொன்னிறம் போதும்.

மீந்த கறியிலும் தேங்காயின் பக்குவம் தெரியும். பச்சைத் தேங்காயும் தயிரும் சேர்ந்த அவியலை வெளியே வைத்தால் வெயில் காலத்தில் சாயங்காலமே புளித்துவிடும். அதனால் மதியத்துக்கு வேண்டிய அளவே வையுங்கள். தேங்காயின் ஈரம் போக வறுத்து, புளி ஊற்றிய தீயல் கொஞ்சம் தாங்கும். ராத்திரி ஒரு கொதி கொதிக்கவைத்து, ஈரக்கரண்டி போடாமல் மூடி வைத்தால், மறுநாள் காலைத் தோசைக்கு அது முதல்நாளைவிட நன்றாக இருக்கும்.