நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் வேகத்தைக் கூட்டலாம்: பைபை இறக்குவதும் நிறுவுவதும்

[திரை இரண்டாகப் பிரிகிறது. இரு பக்கமும் ஒரே நிரல். கீழே கடிகாரம்.]

வணக்கம் நண்பர்களே! இடப்பக்கமும் வலப்பக்கமும் ஓடப்போவது ஒரே பைத்தான் கோப்பு. 1 முதல் 10 கோடி வரையுள்ள எண்களை ஒரு லூப்பில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. இதோ, இரண்டையும் தொடங்கிவிட்டேன். வலப்பக்கத்தைப் பாருங்கள், விடை வந்துவிட்டது! ஒரு வினாடிகூட ஆகவில்லை. இடப்பக்கம் இன்னும் ஓடுகிறது. ஓடட்டும், நாம் பேசுவோம்.

கணினி ஒன்றுதான், கோப்பும் ஒன்றுதான். கோப்பைப் படித்து இயக்கும் மென்பொருள் மட்டும்தான் வேறு. வலப்பக்கம் ஓடியதன் பெயர் பைபை. விலை கிடையாது, நிறுவ ஐந்து நிமிடம் தாராளம். ஆனாலும் பைத்தானில் தினமும் எழுதுகிற பலர் இதை ஒருமுறைகூட ஓட்டிப் பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். நிரல் மெதுவாக ஓடுகிறது என்றதும் 'சி பிளஸ் பிளஸ்ஸில் திருப்பி எழுது' என்று அறிவுரை சொல்கிறவர்கள், 'முதலில் பைபையில் ஓட்டிப் பார்' என்று சொல்வதில்லை. இந்த வீடியோ அதற்காகத்தான்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பைத்தான் என்பது மொழி. அதை இயக்குவது இன்டர்பிரெட்டர். வழக்கமாக நாம் இறக்கிப் பயன்படுத்துவது சி மொழியில் எழுதப்பட்டது, பெயர் சிபைத்தான். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்டதன் நேர் வாரிசு. ஜாவா உலகத்துக்கு ஜைத்தான், டாட்நெட்டுக்கு அயர்ன்பைத்தான், சின்னஞ்சிறு மின்னணுப் பலகைகளுக்கு மைக்ரோபைத்தான் என்று மாற்று இன்டர்பிரெட்டர்கள் பல உண்டு. வேகத்துக்கென்று பெயர் பெற்றது பைபை. வரலாறு இவ்வளவு போதும், நிறுவலாம்.

[திரையில்: பைபை தளத்தின் பதிவிறக்கப் பக்கம்]

பைபை டாட் ஆர்க் என்பது அதிகாரப்பூர்வத் தளம். பதிவிறக்கப் பக்கத்தில் ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் இரண்டு எண்கள் இருக்கும். பலர் குழம்புவது இங்கேதான். முதல் எண், எந்தப் பைத்தான் பதிப்பின் இலக்கணத்தை அது ஏற்கிறது என்பதைக் காட்டுகிறது: 3.10, 3.11 என்பது போல. 7.3 என்று தொடங்கும் அடுத்த எண் பைபையின் சொந்தப் பதிப்பு. நமக்கு முக்கியம் முதல் எண். உங்கள் நிரலுக்குத் தேவையான பைத்தான் பதிப்பு எது என்று பார்த்து, அதற்குரிய வரிசையில் உங்கள் இயங்குதளத்தின் கோப்பை எடுங்கள். விண்டோஸுக்கு ஜிப் கோப்பு. லினக்ஸுக்கும் மேக்குக்கும் டார் கோப்பு. மேக் என்றால் இன்டெல் சில்லுக்கும் ஆப்பிள் சில்லுக்கும் தனித்தனிக் கோப்புகள், பார்த்து எடுங்கள்.

கோப்பு இறங்கியதும் ஒரு நல்ல பழக்கம். அதே தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 கைரேகை தரப்பட்டிருக்கிறது, 64 எழுத்துகள் நீளம். லினக்ஸில் ஷா256சம், விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளையால் இறங்கிய கோப்பின் கைரேகையைக் கணக்கிட்டு, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இணையத்திலிருந்து இறக்கிய ஒன்றை நம் கணினியில் ஓடவிடப்போகிறோம்; அரை நிமிடம் செலவழிப்பதில் தவறே இல்லை.

இனி நிறுவல். 'அடுத்து, அடுத்து, முடிந்தது' என்று அழுத்துகிற பெட்டி எதுவும் வராது. கோப்பைப் பிரித்தால் ஒரு ஃபோல்டர் கிடைக்கும், அதுவே முழு நிறுவல். லினக்ஸிலும் மேக்கிலும் அதற்குள் இருக்கும் பின் என்ற ஃபோல்டரில் பைபை3 இருக்கிறது. விண்டோஸில் பிரித்த ஃபோல்டரிலேயே வெளியே இருக்கும். அந்த ஒரு கோப்பை மட்டும் பிடுங்கி வேறு இடத்தில் ஒட்டிவிடாதீர்கள்! தான் இருக்கும் இடத்தை வைத்துத்தான் அது தன் நூலகங்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. தனியாகப் பிரித்தால் தடுமாறும். முழு ஃபோல்டரையும் ஓர் இடத்தில் நிலையாக வைத்துவிட்டு, லினக்ஸில் அங்கிருந்து ஒரு குறுக்குவழி இணைப்பு (சிம்லிங்க்) மட்டும் கொடுங்கள். மேக்கில் முதல்முறை ஓட்டும்போது பாதுகாப்பு எச்சரிக்கை வந்து தடுக்கலாம். இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று இயங்குதளம் ஒட்டிவைத்த குவாரன்டைன் குறியை நீக்கினால் ஓடும். அந்தக் கட்டளை திரையில் இருக்கிறது.

உபுண்டு வைத்திருப்பவர்கள் ஆப்ட் வழியாகவும், மேக்கில் ஹோம்புரூ வழியாகவும், பல பைத்தான் பதிப்புகளைக் கையாள உதவும் பைஎன்வ் பயன்படுத்துகிறவர்கள் அதன் வழியாகவும் ஒரே வரியில் நிறுவலாம். வசதிதான். ஆனால் ஆப்ட் தருவது சற்றுப் பழைய பதிப்பாக இருக்கக்கூடும். அதனால் என் ஓட்டு தளத்திலிருந்து நேரடியாக இறக்குவதற்கே.

[திரையில்: கறுப்பு டெர்மினல்]

டெர்மினலில் பைபை3 என்று தட்டுகிறேன். வந்துவிட்டது. இப்போது வரியின் தொடக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். வழக்கமான பைத்தானில் >>> என்று மூன்று அம்புக்குறிகள் இருக்கும். இங்கே >>>> என்று நான்கு! எந்த இன்டர்பிரெட்டருக்குள் இருக்கிறோம் என்பதை வேறு எதையும் படிக்காமலே இதை வைத்துச் சொல்லிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த சிறு விஷயம் இது.

அடுத்த படி, பலர் திகைக்கிற இடம். ஏற்கெனவே நீங்கள் சிபைத்தானில் நிறுவிய தொகுப்புகள் எதுவும் பைபைக்குத் தெரியாது. இதன் வீடு தனி. எனவே முதலில், தொகுப்புகளை நிறுவித்தரும் கருவியான பிப்பை எழுப்ப வேண்டும்: பைபை3, இடைவெளி, ஹைஃபன் எம், இடைவெளி, என்ஷூர்பிப். அதன் பிறகு வேண்டிய தொகுப்புகளை இதற்கென்று நிறுவிக்கொள்ளலாம். இதைவிடச் சிறந்தது, என்ஷூர்பிப் இருக்கும் இடத்தில் வென்வ் என்றும் அடுத்து ஒரு பெயரும் கொடுத்துத் தனிச் சூழல் உருவாக்குவது. பழைய பைத்தான் அது இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். பைபை பிடிக்கவில்லை என்றால் ஃபோல்டரை அழித்துவிடுங்கள், வேலை முடிந்தது.

சரி, இனிதான் நான் இந்த வீடியோவை எடுக்கக் காரணமான பகுதி. எப்படி இவ்வளவு வேகம்?

ஒரு கூட்டலை எடுத்துக்கொள்வோம். நம் லூப்பில் 'மொத்தம் கூட்டல் எண்' என்று ஒரு வரி. சிபைத்தானில் எண் ஒவ்வொன்றும் நினைவகத்தில் ஒரு பொருள். கூட்டும்போது இடப்பக்கம் என்ன வகை, வலப்பக்கம் என்ன வகை என்று பார்க்க வேண்டும். விடைக்குப் புதிதாக ஒரு பொருளை உருவாக்க வேண்டும். யார் யார் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை ஏற்றி இறக்க வேண்டும். சில்லு செய்ய வேண்டிய உண்மையான கூட்டல் ஒரே ஒரு கட்டளை. அதைச் சுற்றி நடக்கும் சடங்குதான் மிச்சம் எல்லாம். புதிய பதிப்புகள் இந்தச் சடங்கைக் கணிசமாகக் குறைத்திருக்கின்றன, உண்மை. ஆனால் 10 கோடி முறை என்றால் குறைத்த சடங்கும் மலைதான்.

பைபை என்ன செய்கிறது? டீக்கடைக்குப் புதிதாக ஒருவர் வந்தால் மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்பார்: டீயா காபியா, சர்க்கரை எவ்வளவு, ஸ்ட்ராங்கா லைட்டா? அதே ஆள் தினமும் வந்து அதையே குடித்தால், தலை தெரிந்ததுமே கிளாஸ் தயாராகிவிடும். ஆளின் முகத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். அவர்தான் என்றால் கேள்வியே கிடையாது. பைபையும் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஓடுகிறது. ஒரு லூப் திரும்பத் திரும்ப ஓடுவதைக் கண்டதும், ஒரு சுற்றில் நடப்பதை முழுக்கப் பதிவுசெய்து, தேவையில்லாததைக் கழித்துவிட்டு, நேரடி இயந்திரக் கட்டளைகளாக மாற்றிவிடுகிறது. 'இது முழு எண்தானே' என்ற ஒரு காவல் கேள்வி மட்டும் மிஞ்சும். இடைக்கால எண்களுக்குப் பொருள் உருவாக்குவதையே விட்டுவிடுகிறது. அவை சில்லுக்குள்ளேயே இருக்கும் ரிஜிஸ்டர் என்ற சிறு சேமிப்பிடத்திலேயே தங்கி முடிந்துவிடுகின்றன. ஒருநாள் முழு எண்ணுக்குப் பதில் தசம எண் வந்தால்? காவல் கேள்வி பொய்யாகும், பழைய மெதுவான வழிக்கே திரும்பும். அப்படி அடிக்கடி நடந்தால் அந்தப் புதிய வழிக்கும் தனியாக இயந்திரக் கட்டளை தயாராகிவிடும். நிரல் ஓடும்போதே இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் இந்த வேலையைத்தான் ஜிட் (ஜஸ்ட் இன் டைம்) என்கிறார்கள்.

எத்தனை சுற்று ஓடினால் லூப் 'சூடாகிவிட்டது' என்று முடிவெடுக்கும் தெரியுமா? இயல்பு அமைப்பில் 1039. ஏன் ஆயிரம் இல்லை? 1024ஐச் சற்றுத் தாண்டிய ஒரு பகா எண் அது. மூல நிரலிலேயே அப்படிக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்கள். ஃபங்ஷன்களுக்கு 1619, அதுவும் பகா எண். இப்படி ரசனையோடு எழுதப்பட்ட மென்பொருளைப் பார்த்தால் எழுதியவர்கள்மேல் தனி மரியாதை வருகிறது.

இன்னும் இருக்கிறது! பைபையே பைத்தானில் எழுதப்பட்டதுதான். 'மெதுவான மொழியில் எழுதியது எப்படி வேகமாக ஓடும்?' என்று நீங்கள் கேட்பது நியாயம். அது எழுதப்பட்டிருப்பது ஆர்பைத்தான் என்ற கட்டுப்பாடுள்ள பைத்தானில். அதை ஆராய்ந்து சி மொழிக்கு மாற்றும் கருவியையும் இதே குழு செய்தது. ஜிட் பகுதியைப் பைத்தானுக்கென்று கையால் எழுதவில்லை. இன்டர்பிரெட்டரை எழுதிச் சில குறிப்புகள் கொடுத்தால் ஜிட்டை அந்தக் கருவியே உண்டாக்கித் தரும். அதனால் இதே கருவியைக் கொண்டு ரூபி மொழிக்கு டோபாஸ், ராக்கெட் மொழிக்கு பிக்கெட் என்று பிறரும் இன்டர்பிரெட்டர்கள் செய்தார்கள். ஆர்பைத்தான் இன்றும் பைத்தான் 2ஐச் சார்ந்தது. பைத்தான் 2க்கான அதிகாரப்பூர்வ ஆதரவு 2020இல் முடிந்த பிறகும் பைபை தன் பைத்தான் 2.7 வரிசையை விடாமல் வெளியிடுவதற்கு இதுதான் காரணம்.

பைபையை மூல நிரலிலிருந்து நீங்களே உருவாக்கினால் நினைவகமும் நேரமும் ஏராளமாகச் செலவாகும். காத்திருப்பவர்களுக்காக டெர்மினலில் மேண்டல்பிராட் என்ற கணித வடிவத்தை வண்ணப் புள்ளிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து காட்டுகிறது! இதோ திரையில் பாருங்கள், கண் எடுக்க முடிகிறதா?

இதெல்லாம் 2003இல் ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் நகரில் ஒரு சிறு குழு கூடி எழுதத் தொடங்கியதிலிருந்து வந்தது. ஆர்மின் ரிகோ, கிறிஸ்டியன் டிஸ்மர், ஹோல்கர் கிரெகெல் ஆகியோர் தொடக்கக்காரர்கள். இன்று பைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்தும், நிரல்களைச் சோதிக்கும் பைடெஸ்ட் கருவி வளர்ந்ததும் இந்தத் திட்டத்தின் தோட்டத்தில்தான்.

இடப்பக்கம், நாம் பேசத் தொடங்கிய சற்று நேரத்திலேயே முடிந்துவிட்டது. அதே விடைதான்.

எல்லா நிரலும் இந்த அளவுக்குப் பறக்காது. பைபை தளம் சொல்லும் சராசரி ஏறக்குறைய 3 மடங்கு. கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிற சிறு நிரல்களில் பயனே தெரியாது. சூடாகும் முன்பே அவை முடிந்துவிடும். எண் கணக்குக்கான நம்பை, தரவு அட்டவணைகளுக்கான பாண்டாஸ் போன்று உள்ளே சி மொழி வேலை செய்யும் தொகுப்புகளைச் சார்ந்த நிரல்கள் பைபையில் மெதுவாகவும் ஓடலாம். ஒவ்வொரு முறையும் பைபையிலிருந்து சி நிரலுக்கு எல்லை தாண்டிச் சென்று திரும்புவதற்கு இங்கே செலவு அதிகம். சில தொகுப்புகளுக்குத் தயார்நிலைக் கோப்பு கிடைக்காது. பிப் உங்கள் கணினியிலேயே சி நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்ற முயலும், அதற்கான கம்பைலர் இல்லையென்றால் பிழையோடு நின்றுவிடும். தரவு அறிவியல்தான் உங்கள் முழு வேலை என்றால் சிபைத்தானிலேயே இருங்கள் என்பதுதான் என் நேர்மையான பரிந்துரை.

எழுதும் பழக்கத்திலும் இரண்டு கவனம் வேண்டும். திறந்த கோப்பை மூடாமல் விட்டால் சிபைத்தான் பெரும்பாலும் உடனே மூடிவிடும்; பைபை பயன்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து நீக்கும் 'குப்பை சேகரிப்பின்' போதுதான் மூடும். எழுதிய வரிகள் கோப்பில் காணாமல் தவிக்காமலிருக்க கோப்பைத் தானே மூடிவிடும் வித் என்ற கட்டளையை எப்போதும் பயன்படுத்துங்கள். நீண்ட உரையை லூப்புக்குள் கூட்டல் குறியால் ஒட்டிக்கொண்டே போவது பைபையில் மிக மெதுவாகிவிடும். துண்டுகளைப் பட்டியலில் சேர்த்து, கடைசியில் ஜாயின் செய்யுங்கள்.

நிரல் போட்டிகளில் கலந்துகொள்ளும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அல்காரிதம் சரி, விடையும் சரி, ஆனால் நேர வரம்பைத் தாண்டிவிட்டது என்று சிவப்பில் வருகிறதா? கோட்ஃபோர்சஸ், ஆட்கோடர், கோட்ஷெஃப் தளங்களில் மொழிப் பட்டியலில் பைபை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து அதே நிரலை மறுபடி அனுப்புங்கள். லூப் நிறைந்த நிரலாக இருந்தால் பலமுறை அதுவே போதுமானதாக இருக்கும்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் இருப்பதிலேயே மெதுவாக ஓடும் பைத்தான் நிரலை இரண்டிலும் ஓட்டி, இரண்டு நேரங்களையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பைத்தான் பதிப்பு, இயங்குதளம், நிரல் செய்யும் வேலை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். பைபையில் மெதுவானவை எனக்கு இன்னும் முக்கியம். அவற்றில் சிலவற்றை அடுத்த வீடியோவில் வரிவரியாகப் பிரித்துப் பார்ப்போம்.