கையெழுத்துக்கு முன் ஐந்து நிமிடம்

(பணியிடத்தில் ஆன்மிக நுண்ணறிவும் தனிமனித விழுமியங்களும்: கருத்தரங்கச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, தொழிற்சங்கச் செயலாளர் அவர்களே, இனிய வரவேற்புரை நல்கிய மனிதவளத் துறை மேலாளர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, அலுவலக நண்பர்களே, கதவோரம் நிற்கும் பாதுகாவலர்களே, ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்ளும் தம்பி உள்பட உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நிர்வாக இயக்குநரும் சங்கச் செயலாளரும் ஒரே வரிசையில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். இந்தக் காட்சிக்காகவே விழாக் குழுவினரைப் பாராட்ட வேண்டும். மனச்சாட்சியைப் பற்றித் தலைவர் அவர்கள் தலைமையுரையில் சொன்னவை என் வேலையில் பாதியைக் குறைத்துவிட்டன. அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

ஐந்து செய்திகளைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஆன்மிக நுண்ணறிவு என்றால் என்ன என்பது முதலாவது. நம் விழுமியங்களை நாமே கண்டுபிடிப்பது எப்படி என்பது இரண்டாவது. மூன்றாவது அவசரம். நான்காவது, தலைமையில் இருப்பவர்களுக்கு வேண்டிய பணிவு. ஐந்தாவது, பணியிடத்தில் மன்னிப்பு. இந்த ஐந்தையும் ஒரே நூலில் கோப்பது ஒரு பழமொழி: பதறாத காரியம் சிதறாது. எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

ஆன்மிக நுண்ணறிவு என்றதும் பலர் வழிபாட்டை நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. எந்த மதத்தையும் சாராதவருக்கும் இது இருக்கலாம், நாள் தவறாமல் வழிபடுபவருக்கு இல்லாமலும் போகலாம். ஒரு கணக்கைத் தீர்க்க அறிவு வேண்டும். எதிரில் இருப்பவரின் முகம் வாடியிருப்பதைக் கண்டுகொள்ள உணர்வு நுண்ணறிவு வேண்டும். ‘இதை ஏன் செய்கிறோம், யாருக்காகச் செய்கிறோம், இதைச் செய்து முடித்தபின் நான் எப்படிப்பட்ட ஆளாக இருப்பேன்’ என்று கேட்டு, கிடைத்த பதிலின்படி நடக்கும் திறன் மூன்றாவது. டானா சோஹர் என்ற எழுத்தாளர் அம்மையார் 1990களின் பிற்பகுதியில் இதற்கு ஆன்மிக நுண்ணறிவு என்று பெயர் சூட்டிப் பரப்பினார். நுண்ணறிவு பலவகை என்று 1983இல் சொன்ன உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் இதைத் தம் பட்டியலில் சேர்க்க முன்வரவில்லை. வாழ்வு, சாவு, இருப்பு பற்றிய பெருங்கேள்விகளைக் கேட்கும் திறனை மட்டும் ஒரு சாத்தியமாகப் பரிசீலித்தார். அறிஞர்களுக்குள் அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இதை அளக்க வினாத்தாள்களும் உண்டு. டேவிட் கிங் என்ற ஆய்வாளர் 2008இல் உருவாக்கிய தாளில் 24 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும், மொத்தம் 96. இருத்தலைப் பற்றிச் சிந்திப்பது, வாழ்வில் பொருள் காண்பது, தன்னைக் கடந்த ஒன்றை உணர்வது, மனத்தை வேறொரு நிலைக்குக் கொண்டுசெல்வது என்று நான்கு பிரிவுகள். மனிதவளத் துறை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட தாளை ஊதிய உயர்வோடும் பதவி உயர்வோடும் ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள். தன்னைத் தானே மதிப்பிடும் தாள் அது. பலன் இருக்கிறது என்று தெரிந்தால் எல்லோரும் 90க்கு மேல் வாங்குவார்கள், அந்தத் தாளுக்கு அதன்பின் மதிப்பு கிடையாது. தியான வகுப்புக்கும் இதே விதிதான். வருகைப் பதிவேடு வைத்தால் உடல் வரும், மனம் வராது. வராதவரை மேலாளர் ஏன் வரவில்லை என்று கேட்ட நாளே அந்த வகுப்பு கெட்டுப்போகிறது.

அடுத்து விழுமியம். மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர் 1973இல் விழுமியங்களை இரண்டு பட்டியலாகப் பிரித்தார். வாழ்வில் சென்றடைய வேண்டிய இலக்குகள் 18, நடந்துகொள்ள வேண்டிய முறைகள் 18. ஒவ்வொரு பட்டியலிலும் உள்ள பதினெட்டையும் வரிசைப்படுத்தச் சொல்வார். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ‘நேர்மை பிடிக்குமா’ என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. ‘நேர்மையா, கீழ்ப்படிதலா, எது முதலில்’ என்று கேட்கும்போதுதான் பேனா நிற்கிறது.

வீட்டுக்குப் போய் இதைச் செய்து பாருங்கள். ஒரு தாளில் மூன்றே மூன்று விழுமியங்களை எழுதுங்கள். ஐந்து வேண்டாம், ஐந்து எழுதினால் மூன்றாவதிலிருந்து அலங்காரமாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் நேராக, கடந்த ஓராண்டில் அதற்காக எதை இழந்தீர்கள் என்று எழுதுங்கள். பணமா, நேரமா, ஒருவருடைய நல்லெண்ணமா? எதையும் இழக்கவில்லை என்றால் அதை ஒரு விருப்பம் என்று வைத்துக்கொள்ளலாம், விழுமியம் என்று இன்னும் சொல்ல முடியாது. அதன்பின் அந்தப் பெயர்ச்சொல்லை ஒரு செயலாக மாற்றி எழுதுங்கள். ‘நேர்மை’ என்பது போதாது. ‘தவறு என்று தெரிந்த எண் உள்ள அறிக்கையில் கையெழுத்திட மாட்டேன், தெரிந்த அன்றே மேலாளரிடம் சொல்வேன்’ என்று எழுத வேண்டும். ‘அன்றே’ என்ற சொல் முக்கியம். நாள் குறிக்காத விழுமியம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாலும் அதைக் கெடுக்க ஒன்று இருக்கிறது. அவசரம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், அவையோர் பொறுத்தருள வேண்டும்.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி. மதகுருமார் ஆவதற்குப் படிக்கும் மாணவர்கள். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 1973இல் வெளியிட்டார்கள். மாணவர் ஒவ்வொருவராக வருகிறார். ஒரு சிறு பேச்சுக்குத் தயார் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு, இறையியல் படித்தவர்களுக்கு ஏற்ற வேலைகள். மீதிப் பேருக்குத் தலைப்பு, விவிலியத்தில் வரும் நல்ல சமாரியன் கதை. கதை உங்களுக்குத் தெரியும். அடிபட்டு வழியில் கிடக்கிறான் ஒருவன். குருவானவர் பார்த்துவிட்டு விலகிப் போகிறார். இன்னொரு பெரியவரும் விலகிப் போகிறார். யாரும் மதிக்காத சமாரியன் ஒருவன்தான் நின்று காயத்துக்குக் கட்டுப் போடுகிறான். இந்தக் கதையைப் பற்றித்தான் அந்தப் பிள்ளைகள் பேசப்போகிறார்கள். பேச்சு பக்கத்துக் கட்டடத்தில். நடந்து போக வேண்டும்.

கிளம்பும்போது சிலரிடம், ‘அங்கே தயாராக இன்னும் சில நிமிடம் ஆகும், இருந்தாலும் நீங்கள் போகலாம்’ என்கிறார்கள். சிலரிடம், ‘தயாராக இருக்கிறார்கள், நேரே போங்கள்’ என்கிறார்கள். இன்னும் சிலரிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ‘அடடா, தாமதமாகிவிட்டதே, சில நிமிடம் முன்பே உங்களை எதிர்பார்த்தார்கள், சீக்கிரம் போங்கள்’ என்கிறார்கள்.

வழியில் ஒரு வாசற்படி. அங்கே ஒருவன் தலை தொங்கி, கண்ணை மூடி, அசையாமல் கிடக்கிறான். மாணவர் கடக்கும்போது இரண்டு முறை இருமுகிறான், முனகுகிறான். அவன் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். மாணவருக்கு அது தெரியாது.

யார் நின்றார்கள்? நாற்பது பேரில் உதவ முன்வந்தவர்கள் பதினாறு பேர். நேரம் இருந்தவர்களில் 63 விழுக்காடு நின்றார்கள். நடுத்தர அவசரத்தில் 45 விழுக்காடு. ‘தாமதமாகிவிட்டது’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காடு, அதாவது பத்தில் ஒருவர்! சமாரியன் கதையைப் பேசப் போகிறவரா, வேலைகளைப் பற்றிப் பேசப் போகிறவரா என்பதால் பெரிய வேறுபாடு எதுவும் வரவில்லை. சமாரியன் கதையைப் பேசப் போனவர்களிலேயே சிலர், கிடந்தவனைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள். அந்தப் பிள்ளைகளைக் கல்நெஞ்சர்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். நிற்காமல் போனவர்களில் பலர் போய்ச் சேரும்போது கலங்கிப்போய் இருந்தார்கள் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் விழுமியம் இருந்தது. நிற்பதற்கு நேரம் இல்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பதறாத காரியம் சிதறாது.

இது கல்லூரி வளாகத்தில் நடந்தது. பணியிடத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் உந்துகலன்களைச் செய்த நிறுவனத்துக்கும் நாசாவுக்கும் தொலைபேசியில் ஆலோசனை நடந்தது. குளிரில் உந்துகலன்களின் மூட்டுகளில் உள்ள ரப்பர் வளையங்கள் சரியாக அடைத்துக்கொள்ளாது, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். எதிர்முனையில் அதிருப்தி. நிறுவனத்தார் தங்களுக்குள் பேச இடைவேளை கேட்டார்கள். அப்போது ஒரு மூத்த நிர்வாகி, பொறியியல் பிரிவின் துணைத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவரும் போட்டுக்கொண்டார். ஏவலாம் என்று பரிந்துரை போனது. அதில் கையெழுத்திட அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் மெக்டொனால்ட் மறுத்துவிட்டார், வேறொருவர் கையெழுத்திட்டார். மறுநாள் ஏவிய 73ஆவது நொடியில் கலம் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள். பின்னர் விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் கண்டது என்ன? ஏவ முடிவெடுத்த நாசாவின் மேல்மட்டத்தினருக்கு, முதலில் எழுத்தில் வந்த எதிர்ப்பும் தெரியாது, நிறுவனம் மனம் மாறிய பின்னும் பொறியாளர்கள் எதிர்த்துக்கொண்டிருந்ததும் தெரியாது.

ஆகவே நண்பர்களே, மனச்சாட்சி உள்ளவர்கள் இருந்தால் மட்டும் போதாது. அந்த மனச்சாட்சி மேலே போய்ச் சேர ஒரு தாள் வேண்டும். அதற்காகத்தான் ஒரு சிறு இயக்கத்தை நடத்துகிறேன். அந்தத் தாளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் நிதானத் தாள். அரைப் பக்கம், மூன்றே கேள்விகள். இந்த முடிவால் பாதிக்கப்படக்கூடிய, ஆனால் இந்த அறையில் இல்லாதவர் யார்? இது தவறாகப் போனால் திருப்பி எடுக்க முடியுமா, எத்தனை நாளில்? எனக்கு மாற்றுக் கருத்து உண்டா, உண்டென்றால் ஒரே வரியில் என்ன?

செய்முறை இதுதான். முடிவு வரைவாக மேசைக்கு வந்ததும், கையெழுத்துக்கு முன் ஐந்து நிமிடம் பேச்சை நிறுத்த வேண்டும். கைப்பேசிகள் கவிழ்ந்து கிடக்க வேண்டும். அறையில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். பிறகு, பணியில் மிக இளையவர் முதலில் வாசிக்க வேண்டும், தலைவர் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெரியவர் முதலில் வாய் திறந்தால் மற்ற தாள்கள் அந்த நொடியிலேயே அடித்துத் திருத்தப்படும். தாள்கள் முடிவோடு சேர்த்தே கோப்பில் இணைக்கப்பட வேண்டும், மேலதிகாரிக்குப் போகும் நகலோடும் போக வேண்டும். மாற்றுக் கருத்து எழுதியவருக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். ‘பார்த்தோம், இந்தக் காரணத்தால் ஏற்கவில்லை’ என்றாலும் போதும்.

எங்கே பிசகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா முடிவுக்கும் இதை வைத்தால் மூன்றாம் வாரமே சடங்காகிவிடும். ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுக்க முடியாத முடிவுகளுக்கு மட்டும் வையுங்கள். ஆட்குறைப்பு, பாதுகாப்பு, தரச் சான்றிதழ் போன்றவை. கையெழுத்து முடிந்தபின் தாளை நிரப்பிச் சேர்ப்பது இன்னொரு பிசகு. அதைத் தடுக்கத் தாளின் தலையில் நேரம் குறிக்க வேண்டும். மூன்றாவது பிசகுதான் மிகக் கொடியது. மாற்றுக் கருத்து எழுதியவர் அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் ‘ஒத்துழைக்காதவர்’ என்று குறிக்கப்படுவது. ஒருவருக்கு அப்படி நடந்தால் போதும், அதன்பின் எல்லாத் தாளிலும் ‘இல்லை’ என்றே வரும். ஆகையால் இந்தத் தாளை மதிப்பீட்டில் பயன்படுத்தக் கூடாது என்ற விதி நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து கையெழுத்திட்ட விதியாக இருக்க வேண்டும். டொயோட்டா கார் ஆலையில் குறை கண்ட தொழிலாளி இழுக்கும் கயிறு இருக்கிறதே, அது வேலை செய்வது ஏன்? இழுத்ததும் குழுத் தலைவர் உதவிக்கு வருகிறார், திட்ட வருவதில்லை. வண்டி குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதற்குள் குறை சரியானால் உற்பத்தி வரிசை ஓடிக்கொண்டே இருக்கும், ஆகாவிட்டால்தான் நிற்கும். ஒரு கருத்தரங்க அறையில் அந்தக் கயிறு எங்கே தொங்குகிறது? எங்கும் இல்லை. இந்த அரைப் பக்கம்தான் அந்தக் கயிறு.

பணிவையும் மன்னிப்பையும் பற்றிச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். அடுத்துப் பேச இருக்கும் பெரியவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வது முறையல்ல. அவற்றை இன்னொரு மேடையில் பேச அனுமதி வேண்டுகிறேன்.

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் செயலாளர் அவர்களுக்கும் ஒரே விண்ணப்பம். ஒரு துறையை மட்டும் தேர்ந்தெடுங்கள். தொண்ணூறு நாள். முடிவில் எத்தனை தாள் வந்தது, எத்தனையில் மாற்றுக் கருத்து இருந்தது, எத்தனைக்கு ஏழு நாளில் பதில் போனது என்ற மூன்று எண்களை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மாற்றுக் கருத்து ஒன்றுகூட வரவில்லை என்றால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாமல், இளையவர் முதலில் வாசிக்கிறாரா என்று பாருங்கள். வெளியே போகும் வழியில் மேசை மீது இருநூறு தாள்கள் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள், பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, உங்கள் மூன்று விழுமியங்களை அதில் எழுதிக்கொள்ளலாம். வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கும் பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.