போர்வைக்குள் ஒரு ஞாயிறு

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் மூவருக்கும், கதிரை போதாமல் இந்தச் சனசமூக நிலைய முற்றத்தில் பாய் விரித்து இருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். வெளிநாட்டுப் பெருநகரில் படிக்கும் பிள்ளை தன் விடுமுறை நாளை ஊர் சுற்றிப் பார்த்துக் கழிப்பதா, சோம்பிக் கிடந்து கழிப்பதா என்பதே இன்றைய வழக்கு. சோம்பிக் கிடக்கலாம் என்ற பக்கம் எனக்குக் கிடைத்திருப்பதை வீட்டில் சொன்னபோது, "செய்தது போதாதென்று அதை மேடையிலும் ஏறிச் சொல்லப் போகிறாயா?" என்று அம்மா கேட்டார். சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

காணியை ஈடு வைத்து அனுப்பிய பிள்ளைக்கு ஒரு நாளும் வீண்போகக் கூடாது என்று எதிரணித் தலைவர் தொடங்கினார். கட்டணமே வாங்காத அருங்காட்சியகங்கள் இலண்டனில் திறந்து கிடக்கையில் போர்வைக்குள் கிடப்பது பாவம் என்றார். இறுதியில் வள்ளுவரையும் சாட்சிக்கு அழைத்து வந்து நிறுத்தினார். இவற்றுக்கெல்லாம் பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன், போர்வைக்குள் கிடக்கும் அந்தப் பிள்ளை யார் என்பதை இந்த மன்றம் அறிய வேண்டும்.

அவள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். புலமைப்பரிசில் பரீட்சைக்காக நான்காம் வகுப்பில் தொடங்கிய ஞாயிறு வகுப்பு, சாதாரண தரத்திலும் தொடர்ந்து, உயர்தரம் எழுதி முடிக்கும் வரை அவளை விடவில்லை. விடிகாலையில் சைக்கிளை எடுத்தால் இரசாயனவியல், அது முடிந்து வியர்வை காயுமுன் பௌதிகவியல், மத்தியானச் சோற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் படலையைத் திறந்துகொண்டு போனால் இணைந்த கணிதம் என்று, ஊரிலுள்ள ரியூசன் கொட்டில்கள் எல்லாம் அவளுடைய ஞாயிற்றைக் கூறு போட்டு வாங்கிக்கொண்டன. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது சாப்பாட்டுக் கோப்பையில் மட்டுமே வந்தது. ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தால் அன்று ஞாயிறு. அந்தப் பிள்ளை நான்தான் என்பதை நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

அப்படி வளர்ந்தவள் முதுநிலைப் படிப்புக்காகக் கிழக்கு இலண்டனில் ஈஸ்ட்ஹாமில் ஓர் அறையை இன்னொருத்தியோடு பங்கிட்டுக்கொண்டு இருந்தேன். தவணைக் காலத்தில் மாணவர் வீசாவில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அந்த இருபதையும் ஒரு பலசரக்குக் கடையில் பெட்டி உடைத்து அடுக்குவதில் கடைசி நிமிடம் வரை செய்தேன். மிச்ச நேரத்தில் விரிவுரை, நூலகம், ஒப்படை, இவற்றுக்கிடையே ரயில். முதல் இரண்டு மாதங்கள் எதிரணியினர் மெச்சும் மாணவியாக, ஞாயிறு தோறும் நகரத்தைச் சுற்றினேன். அதன் பலன் ஒரு வியாழக்கிழமை மாலை தெரிந்தது. டிஸ்ட்ரிக்ட் வழி ரயிலில் ஈஸ்ட்ஹாமில் இறங்க வேண்டியவள் உறங்கிப்போய், கிழக்கே அந்தப் பாதை முடிகிற அப்மினிஸ்ரரில் ஒருவர் தட்டி எழுப்பக் கண் விழித்தேன். ஞாயிறு நான் கொடுக்க மறுத்த உறக்கத்தை வியாழன் வட்டியோடு வசூலித்துக்கொண்டது. ஈடு, வட்டி என்று பேசிய தலைவருக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

அதற்கடுத்த ஞாயிறு, நவம்பர் மாதத்தில், என் வாழ்க்கையின் முதலாவது சோம்பேறி நாள் வந்தது. பழக்கதோஷத்தால் ஆறு மணிக்கே விழித்துக் காலைத் தரையில் வைத்துவிட்டேன். போவதற்கு ஓரிடமும் இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. எங்கேயோ ஒரு வகுப்பு என்னை விட்டுவிட்டு நடந்துகொண்டிருப்பது போலவும், யாரோ வந்து பிடித்துவிடுவார்கள் என்பது போலவும் இருந்தது. வெளியே மழை தூறியது. காலை மெல்ல மேலே எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

பத்தரைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். நவம்பரில் இலண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே பத்தரை என்றால் இங்கே பின்னேரம் நான்கு, தேத்தண்ணி நேரம். வேலை நாட்களில் நான் அறைக்குத் திரும்பும் மாலை ஏழரை மணிக்கு இங்கே இரவு ஒரு மணியாகிவிடும். காலையில் அவசரத்தில் இரண்டு நிமிடம், "சாப்பிட்டாயா, சாப்பிட்டேன்" என்பதோடு சரி. அன்று கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு அம்மா முருங்கையிலை ஆய்ந்தார். நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணித்தியாலத்தில் முக்கால்வாசி நேரம் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கு ஐந்து நிமிடம் போதும். பேசாமல் கூட இருப்பதற்குத்தான் ஒரு முழு நாள் தேவைப்படுகிறது. எதிரணியினரின் சுற்றுலா அட்டவணையில் இதற்கு எந்த மணியை ஒதுக்குவார்கள்?

பிறகு குளித்தேன் என்று சொன்னால் மன்றத்தில் பொய் சொன்னதாகிவிடும். பருப்பும் சோறும் வைத்து, முதல் நாள் கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்கி, கட்டிலிலேயே வைத்துச் சாப்பிட்டேன். நாலரைக்குள் இருட்டிவிட்டது. பால் வாங்குவதற்காகச் செருப்போடு தெருவில் இறங்கிய போதுதான் ஒரு செய்தியை அறிந்தேன். 1994 ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டப்படி, இங்கிலாந்தில் 280 சதுர மீற்றரை விடப் பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணித்தியாலத்துக்கு மேல் திறந்திருக்க முடியாது. பெரிய கடை பூட்டிக் கிடக்க, மூலையில் இருந்த நம்மவர் ஒருவரின் சின்னக் கடையில் பால் வாங்கினேன். நகரத்தைப் பார்க்கப் போ, போ என்கிறார்களே, அந்த நகரமே ஞாயிறன்று பாதிக் கதவைச் சாத்திவிட்டு இருக்கச் சட்டம் செய்து வைத்திருக்கிறது!

நம் நாட்டிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலவின் நிலையை வைத்து வரும் போயா நாளை ஒட்டி ஓய்வு கொடுத்தார்கள் என்பதை முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாளை மாற்றிப் பார்த்தார்களே ஒழிய, ஓய்வே வேண்டாம் என்று அவர்களும் சொல்லவில்லை.

அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். நமது கிழக்குக் கரையில் கிடைத்த, பொன்முலாம் பூசிய தாரா தேவியின் சிலை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்பதை எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் உருக்கமாகச் சொன்னார். இலங்கையில் ஆளுநராயிருந்த பிரவுண்றிக் 1830 இல் அங்கே கொடுத்த சிலை அது. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளாக அங்கே நிற்கும் தாயார், நான் ஒரு ஞாயிறு வரவில்லை என்று கோபித்து எழுந்து போய்விடப் போவதில்லை. அதுவுமல்லாமல், அந்த அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரை திறந்திருக்கிறது. நானும் அப்படியொரு வெள்ளியன்றுதான் போனேன். உறங்கித் தெளிந்த கண்ணோடு அந்தச் சிலையின் முன் அரை மணித்தியாலம் நின்றேன். அதற்கு முந்திய ஞாயிறுகளில் ஓடி ஓடிப் பார்த்தவற்றில் படம் எடுத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

வள்ளுவர் சாட்சி சொன்னது உண்மைதான். நெடுநீர் என்னும் காலம் நீட்டித்தல், மறவி என்னும் மறதி, மடி என்னும் சோம்பல், துயில் ஆகிய நான்கும் கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்பது 605 ஆம் குறள். ஆனால் ஐயா, குறிகட்டுவான் துறையில் படகேறி, பக்கத்திலுள்ள நயினாதீவில் இறங்கிவிடுகிறவரை நாங்கள் கடலோடி என்று அழைப்பதில்லை. ஞாயிறு ஏறித் திங்கள் இறங்கியவள் நான். திங்கட்கிழமை காலை வேலைக்கும், அதன் பின் விரிவுரைக்கும் நேரத்துக்குப் போனவள். நான்கு சரக்கையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கலத்திலேயே குடியிருப்பவனுக்காக வாதாட நானும் வரவில்லை. அவனுக்கு எல்லா நாளும் ஞாயிறு, ஆகையால் அவனுக்கு விடுமுறை நாளே கிடையாது.

காணி விடயம் ஒன்று மிச்சம். என் அப்பா ஈடு வைத்தது காணியை, மகளை அல்ல. ஊர் சுற்றும் நாளில் ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் காசு கரையும். நான் சோம்பிக் கிடந்த நாளுக்கு ஒரு சுண்டு அரிசியும் ஒரு போத்தல் பாலும்தான் செலவு. கடனை அடைக்கும் வேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதானாலும் என் பக்கமே சொல்ல வேண்டியிருக்கும்.

நடுவர் மணியை எடுத்துவிட்டார். ஒரேயொரு விண்ணப்பத்தோடு இறங்குகிறேன். தன் மகன் ரொறன்ரோவில் படிப்பதாகவும், ஞாயிறு தோறும் அழைத்து "இன்றைக்கு எங்கே போகிறாய்?" என்று கேட்பதாகவும் எதிரணித் தலைவர் பெருமையோடு சொன்னார். இன்று ஞாயிறு. இந்த ஆவணி மாதத்தில் இங்கே மாலை ஏழு என்றால் அங்கே காலை ஒன்பதரை. ஐயா, உங்கள் கை சட்டைப் பையிலுள்ள தொலைபேசிக்குப் போவதைப் பார்க்கிறேன். தீர்ப்பு வரும் வரையாவது அவனை எழுப்பாதீர்கள்.