கல் எடுத்த இடத்தில் குடியேறியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

போன டிசம்பரில், மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பன்னிரண்டு பேராகச் சேர்ந்து பழனிமலையின் கீழ்மலைப் பக்கம் ஒரு பழைய கல்குவாரிக்கு நடந்து போனோம். எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வெடிச்சத்தம் நின்று இருபது வருஷம் ஆகிவிட்டது. காப்பித் தோட்டத்தைத் தாண்டி, உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து வெளியே வந்தால், சுவர் மாதிரி கரும்பாறை. வெடி வைக்கத் துளை போட்ட தடங்கள் இன்னும் வரிவரியாக இருக்கின்றன. ஒரு தடத்துக்குள் விரலை விட்டேன். ஈரப் பாசி. அதில் வேர் பிடித்து, ஒற்றைப் பூவோடு ஒரு காசித்தும்பை! ஒரு பிடி மண் கிடையாது அங்கே.

மேலே, துருத்தி நின்ற பாறைக்கு அடியில் பாறைத் தகைவிலானின் கூடு, அரைக் கிண்ணம் போல. குட்டை ஓரத்துச் சேற்றை அலகால் உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது. உருண்டைகளைத் தனித்தனியே எண்ணிவிடலாம். அதே சேற்றில் காட்டுமாட்டின் குளம்படிகளும் கிடந்தன. பங்குனி வெயிலில் அந்தக் குட்டைதான் அவற்றுக்குத் தண்ணீர்.

"தாத்தா, எலும்பு!" என்று கூப்பிட்டாள் கூட வந்த சிறுமி. விரல் நீளத்துக்கு ஒரு சாம்பல் உருண்டை. குச்சியால் பிரித்தோம். எலி முடி, கூடவே பல்லோடு சின்னஞ்சிறு தாடை. கொம்பன் ஆந்தை கக்கிப் போட்டது. இரையை விழுங்கிவிட்டு, செரிக்காததை இப்படி வெளியே தள்ளிவிடும். நிமிர்ந்தால், பாறைத் திட்டில் இரண்டு ஆரஞ்சுக் கண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. அது கூடு கட்டாது, வெறும் பாறையிலேயே முட்டையிடும். முட்டையிடும் காலம் அது. பேச்சை நிறுத்திவிட்டு, மெல்லப் பின்வாங்கினோம்.

திரும்பும்போது ஒருவர் கேட்டார்: "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே ஐயா, மரம் நட்டா என்ன?" நல்ல மனசு அவருக்கு. ஆனால் ஆந்தைக்கும் தகைவிலானுக்கும் வேண்டியது மொட்டைப் பாறைதான். நான் பயப்படுவது, வீடு இடித்த கட்டிடக் கழிவைக் குட்டையில் கொட்ட வரும் லாரிக்கு. விளிம்பில் ஏற்கெனவே இரண்டு குவியல் பார்த்தேன்.

ஊர்ப் பெயரை ஏன் மறைத்தேன் என்றால், மாந்திரீகத்துக்கென்று கொம்பன் ஆந்தையைப் பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இருந்தும் நடக்கிறது.

குஞ்சுகள் பறந்து போகட்டும் என்று நாங்களும் அந்தப் பக்கம் போகவில்லை. சித்திரை கழிந்துதான் அடுத்த நடை.