வரி நகர்ந்தது, வண்டி நகரவில்லை

(சங்ககிரியில் லாரி உரிமையாளர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். சற்று முன் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் போடுகிறார்களே, நம் வண்டிக்கு அதில் என்ன தம்பி இருக்கிறது?" எழுதி வந்த பேச்சை மடித்து வைத்துவிட்டேன்.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் செய்துகொண்ட நாஃப்டா என்ற வர்த்தக ஒப்பந்தம் 1994 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சரக்குக்கு வரி படிப்படியாக இறங்கியது. 1995 டிசம்பர் முதல் மெக்சிகோ லாரிகள் அமெரிக்க எல்லை மாநிலங்களுக்குள் ஓடலாம் என்றும் எழுதியிருந்தது. நாள் வந்தது, கதவு திறக்கவில்லை. சாலைப் பாதுகாப்பு என்றார்கள். அமெரிக்க ஓட்டுநர் சங்கத்தின் எதிர்ப்பும் இருந்தது. 2001இல் நடுவர் குழு மெக்சிகோ பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்போதும் இழுபறிதான். 2009இல், மெக்சிகோ லாரிகளை விட்டுப் பார்த்த சோதனை ஓட்டத்தையும் அமெரிக்கா நிறுத்தியதும், மெக்சிகோ சுமார் 90 அமெரிக்கப் பொருள்களுக்கு வரி போட்டது. லாரித் தகராறுக்குப் பேரிக்காய்த் தோட்டக்காரர் தண்டம் கட்டினார்!

அந்த எல்லையில் அமெரிக்கப் பக்கம் லரேடோ என்ற ஊர். ஆற்றின் மெக்சிகோ கரையில் மெக்சிகோ வண்டி டிரெய்லரைக் கழற்றிவிடும். பாலம் தாண்டுவதற்கென்றே ஓடும் இன்னொரு வண்டி அதை அக்கரைக்கு இழுத்துப்போகும். அங்கிருந்து அமெரிக்க வண்டி. ஒரு லோடு, மூன்று எஞ்சின். பால வண்டி பல நடை வெறுமனே திரும்பும். வெறும் வண்டி ஓட்டுவதன் வலியை உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

வங்கதேச எல்லையில் இருக்கும் நம் பெட்ராபோலில் மட்டும் என்ன வாழ்கிறது? அந்த நாட்டுக்குப் போகும் நம் லாரி, எல்லை தாண்டியதும் வரும் பெனாபோலில் சரக்கை இறக்க வேண்டும். டாக்கா வரை போக முடியாது. இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூட்டான் என நான்கு நாடுகளின் வண்டிகள் தடையின்றி ஓட 2015இல் திம்புவில் கையெழுத்திட்டார்கள். பூட்டான் இன்னும் அந்த ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. 2025 ஏப்ரலில் வங்கதேசம் தரைவழியே நம் நூல் வருவதை நிறுத்தியது. மறு மாதமே அவர்களுடைய ஆயத்த ஆடைக்கு நாம் தரைவழியை அடைத்தோம்.

அயலாரைச் சொல்வானேன்? 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை, ஒரே நாட்டுக்குள் கேரளத்துக்குப் போகும் முட்டை வண்டி சோதனைச் சாவடியில் வெயில் காய்ந்ததே! ஓட்டுநர் பிளாஸ்டிக் உறையில் போட்ட பில்லோடு ஜன்னல் ஜன்னலாக நின்றாரே!

ஐயா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரிப் பட்டியலைப் பேசி முடிக்க ஆள் இருக்கிறது. "ரிட்டர்ன் லோடு உண்டா?" என்று கேட்க அந்த மேசையில் ஒருவரும் இல்லை. அடுத்த முறை உங்கள் சங்கத்தின் மனு அங்கே போகட்டும். எழுதித் தர நான் இருக்கிறேன்.