வாஷி பாலத்து வெண்கண்டல்

(மும்பைத் தமிழர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

மான்குர்டு தாண்டி ரயில் தாணே கடற்கழியின் மேலுள்ள வாஷி பாலத்தில் ஏறும்போது பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம், மீதிப் பேர் மொபைலில் இருக்கிறோம். இரண்டு பக்கமும் பச்சையாக நிற்பது ஏதோ புதர் என்று நினைப்பு. அது வெண்கண்டல். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் பெரும்பாலும் நிற்பது இதே மரம்தான். சங்கப் பாட்டில் நெய்தல் ஊர்களுக்கு வேலியாக வருவதும் கண்டல். மராத்தியில் இந்தக் காட்டைக் 'காந்தள்வன்' என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம்.

இந்த இலையைக் கைமாற்றி அனுப்புங்கள். கீழே கிடந்தது, பறிக்கவில்லை. 2005-லேயே உயர் நீதிமன்றம் கண்டலை வெட்டத் தடை போட்டுவிட்டது. மேலே மினுக்குவது தூசியல்ல, உப்பு. வேர் வடிகட்டியது போக உள்ளே வந்ததை இலை வெளியே தள்ளுகிறது. நாக்கில் வைத்துப் பார்க்கலாம். கழித்தண்ணீரின் யோக்கியதை தெரிந்ததால் நான் வைக்க மாட்டேன். (சிரிப்பு)

மரத்தடியில் பென்சில் நட்ட மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாதே. அந்தச் சந்துகளில்தான் குடித்தனமே நடக்கிறது. பெரிய மீன் நுழைய முடியாத இடத்தில் இறால் குஞ்சு வளர்கிறது. நண்டு உதிர்ந்த இலையை வளைக்குள் இழுத்துப் போகிறது. இங்குள்ள கோளி மீனவ மக்கள் 'நிவ்டி' என்னும் சேற்றுமீன் துடுப்பை ஊன்றித் தத்துகிறது, மேலே மீன்கொத்தி பார்த்துக்கொண்டிருக்கிறது. ராத்திரியானால் நரி. ஆமாம், மும்பையில்தான், விக்ரோலிப் பக்கம்!

மழைக்காலம் முடியும் தறுவாயில் சில வருஷம் காடே பழுப்பாகிவிடும். ஒருமுறை, யாரோ விஷம் ஊற்றிவிட்டார்கள் என்று பதறி நாலு பேருக்குப் போன் போட்டேன். கிட்டே போனால் இலையில் நரம்பு மட்டும் மிச்சம். தேக்கு இலையை அரிக்கும் அதே அந்துப்பூச்சியின் புழு. மைனாக்களுக்குப் பந்தி. சில வாரத்தில் மரம் துளிர்த்துவிட்டது. மருந்து அடிக்கச் சொன்னவர்களும் உண்டு. அடித்திருந்தால் நண்டும் இறாலும் போயிருக்கும்.

தாணே கழி 2015-ல் பூநாரைச் சரணாலயமானது, 2022-ல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியது. பூநாரை பார்க்கப் போங்கள், அழகுதான். அது வெளிச்சேற்றில் பாசி மேய்ந்துவிட்டுச் சீசன் முடிந்ததும் கிளம்பிவிடும் விருந்தாளி. அடுத்த தடவை பைனாகுலரைக் கொஞ்சம் கீழே இறக்கி வேரையும் பாருங்கள்.

இலை கடைசி வரிசைக்குப் போய்விட்டதா? அந்தத் தம்பி முகம் சுளிப்பதைப் பார்த்தால் நாக்கில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. யாராவது தண்ணீர் கொடுங்கள்.