வட்டி விகித முடிவுக்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். மத்திய வங்கி வட்டி விகிதத்தை உயர்த்தியது, குறைத்தது அல்லது மாற்றாமல் விட்டது என்ற செய்தியை நீங்கள் ஓரிரு வரிகளில் கேட்டுவிடுகிறீர்கள். அந்த வரிகளுக்குப் பின்னால், பணக் கொள்கையையும் பன்னாட்டுப் பேரியல் பொருளாதாரத்தையும் ஆராய்வதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்களின் உழைப்பு இருக்கிறது. எதிர்காலத்தைக் கணிப்பதுதான் அவர்களுடைய வேலை என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது. அந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் நான் சொல்வதானால், நிகழ்காலத்தை அறிவதற்கே ஒரு மத்திய வங்கிப் பொருளியலாளர் அதிகம் பாடுபட வேண்டியிருக்கிறது.

ஒரு காலாண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி எவ்வளவு என்பது, அந்தக் காலாண்டு முடிந்து சில வாரங்கள் சென்ற பிறகே முதன்முதலாகத் தெரியவருகிறது. பின்னர் கிடைக்கும் வரிக் கணக்குகளையும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளையும் சேர்த்து அந்த எண்ணைப் பலமுறை திருத்துகிறார்கள். சில திருத்தங்கள் ஆண்டுகள் கழித்தும் வருகின்றன. வட்டி விகித முடிவையோ குறித்த நாளில் எடுத்தாக வேண்டும். அதற்கு மிகவும் தேவைப்படும் அளவு, பொருளாதாரம் தன் இயல்பான திறனுக்கு மேலே இயங்குகிறதா கீழே இயங்குகிறதா என்பதைக் காட்டும் உற்பத்தி இடைவெளி. அதை எந்தப் புள்ளியியல் அலுவலகமும் நேரடியாக அளக்க இயலாது. ஆய்வாளர்தான் மதிப்பிட்டுத் தர வேண்டும்.

இந்த மதிப்பீடு பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1970களின் அமெரிக்கா சான்றாக நிற்கிறது. பொருளியலாளர் ஜான் டெய்லர் 1993இல் முன்வைத்த புகழ்பெற்ற விதியின்படி, பணவீக்கம் ஒரு விழுக்காட்டுப் புள்ளி கூடினால் வட்டி விகிதத்தை ஒன்றரைப் புள்ளி உயர்த்த வேண்டும். உற்பத்தி இயல்பான திறனை ஒரு விழுக்காடு மிஞ்சினால் அரைப் புள்ளி உயர்த்த வேண்டும். இன்று நம்மிடம் உள்ள திருத்திய புள்ளிவிவரங்களைக் கொண்டு பார்த்தால், 1970களில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் இந்த விதி சொல்வதைவிட மிகக் குறைந்த வட்டியையே வைத்திருந்தது. அப்படியானால் அன்றைய அதிகாரிகள் பணவீக்கத்தைப் பற்றிக் கவலையற்று இருந்தார்களா? இந்தக் கேள்வியை ஃபெடரல் ரிசர்வின் ஆய்வாளராக இருந்த அதனாசியோஸ் ஒர்ஃபனிடிஸ் வேறு விதமாக அணுகினார். அந்தந்த நாளில் அதிகாரிகளின் மேசையில் இருந்த எண்களையே பழைய ஆவணங்களிலிருந்து அவர் திரட்டினார். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தித் திறனின் வளர்ச்சி தளர்ந்துவிட்டது. அந்தத் தளர்ச்சியை உணர நெடுங்காலம் ஆயிற்று. ஆகவே இயல்பான திறன் பழைய வேகத்திலேயே வளர்வதாக எண்ணி, பொருளாதாரத்தில் பயன்படாத திறன் ஏராளமாக இருப்பதாக நம்பி வட்டியைத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். அன்றைய எண்களை டெய்லரின் விதியில் இட்டால் கிடைக்கும் வட்டி, நடைமுறையில் இருந்த வட்டியிலிருந்து அதிகம் விலகவில்லை என்று 2001இலும் அதையடுத்தும் வெளியிட்ட கட்டுரைகளில் அவர் காட்டினார். இதைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் ஒரு நாட்டின் பணவீக்க வரலாற்றையே வேறு கண் கொண்டு பார்க்க வைத்த அந்த உழைப்பை, மத்திய வங்கி ஆய்வின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டாக நான் கருதுகிறேன். ஒர்ஃபனிடிஸ் பின்னர் 2007 முதல் 2012 வரை சைப்ரஸ் மத்திய வங்கியின் ஆளுநராக இருந்தார். தாம் ஆராய்ந்த இக்கட்டிலேயே அமர்ந்து முடிவெடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது.

எல்லைகளுக்கு அப்பால் பார்க்கத் தொடங்கினால் சிக்கல் பெருகுகிறது. 1960களின் தொடக்கத்தில் பன்னாட்டு நாணய நிதியத்தில் பணியாற்றிய ராபர்ட் முண்டெலும் மார்கஸ் ஃபிளெமிங்கும் இட்ட அடித்தளத்தின் மேல் எழுந்த கருத்து ஒன்று உண்டு: மாறாத நாணய மாற்று விகிதம், தடையற்ற மூலதனப் போக்குவரத்து, சுதந்திரமான பணக் கொள்கை ஆகிய மூன்றையும் ஒரு நாடு ஒருசேர வைத்துக்கொள்ள இயலாது. 1992 செப்டம்பர் 16 அன்று பிரிட்டன் இதை நேரடியாக அனுபவித்தது. பவுண்டின் மதிப்பைக் காக்க வட்டியை 10 விழுக்காட்டிலிருந்து 12ஆக உயர்த்தி, பிறகு 15ஆக உயர்த்துவதாகவும் அறிவித்தும் பயனில்லாமல், ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பை ஒன்றோடொன்று குறுகிய எல்லைக்குள் பிணைத்த ஐரோப்பிய மாற்று விகித ஏற்பாட்டிலிருந்து அன்று மாலையே அது விலகிக்கொண்டது. நாணயத்தின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கும்படி மிதக்க விட்டாலே பணக் கொள்கைக்குச் சுதந்திரம் வந்துவிடுமா என்பது அடுத்த கேள்வி. உலக நிதிச் சந்தையின் ஏற்ற இறக்கம் மிதக்கும் நாணயம் கொண்ட நாடுகளையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது என்று 2013இல் பொருளியலாளர் எலேன் ரே வாதிட்டார். அதே ஆண்டு மே மாதத்தில், பத்திரங்கள் வாங்குவதைக் குறைப்பது பற்றி ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பேசிய சில சொற்களே பல வளரும் நாடுகளின் நாணயங்களைச் சரியச் செய்தன.

நாணய மாற்று விகிதம் நம் அறிவுக்கு இன்னும் முழுதாக வசப்படவில்லை. பொருளியலாளர்கள் ரிச்சர்ட் மீஸும் கென்னத் ரோகாஃபும் 1983இல் வெளியிட்ட ஆய்வை இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்கிறார்கள். அன்றைய கோட்பாட்டு மாதிரிகளுக்கு, பின்னால் வரவிருந்த வட்டி, பண அளிப்பு போன்றவற்றின் உண்மை அளவுகளையே கொடுத்துப் பார்த்தார்கள். அப்படிக் கொடுத்தும், ஓராண்டுக்கு உட்பட்ட காலத்தில், ‘இன்றைய விகிதமே நாளையும் இருக்கும்’ என்ற எளிய ஊகத்தை அவற்றால் வெல்ல முடியவில்லை. ஐரோப்பிய மத்திய வங்கியின் கணிப்புகளும் நாணய மாற்று விகிதம் மாறாமல் நீடிக்கும் என்றே எடுத்துக்கொள்கின்றன.

இத்தொழிலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் முனைவர் பட்டம் முடித்து வருகிறார்கள். கொள்கைக் கூட்டத்திற்கான குறிப்புகளை எழுதுவது ஒரு பாதி, ஆய்விதழ்களுக்கான சொந்த ஆராய்ச்சி மறுபாதி. முதல் பாதிக்கு நாள் கணக்கு. இரண்டாம் பாதிக்கு ஆண்டுக் கணக்கு. இரண்டாவதை ஆடம்பரம் என்று எண்ணும் நிர்வாகிகள் உண்டு. அவர்களோடு நான் உடன்படுவதில்லை. நெருக்கடி வந்த பிறகு ஆய்வைத் தொடங்க நேரம் இருக்காது. வங்கிகள் வீழ்ந்ததால் 1930களின் பெருமந்தம் எப்படி ஆழமாயிற்று என்பதை பென் பெர்னாங்கே 1983இலேயே எழுதியிருந்தார். 2008இல் வங்கிகள் ஆட்டம் கண்டபோது ஃபெடரல் ரிசர்வின் தலைமையில் அவரே இருந்தார். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வங்கிகள் டாலரில் பெரும் கடன் வாங்கியிருந்தன; அந்த டாலர் திடீரென்று கிடைக்காமல் போயிற்று. பிற மத்திய வங்கிகளின் நாணயத்தைப் பெற்றுக்கொண்டு ஃபெடரல் ரிசர்வ் அவற்றுக்கு டாலர் தரும் பரிமாற்ற ஏற்பாடு 2007 டிசம்பரில் ஐரோப்பிய, சுவிஸ் மத்திய வங்கிகளோடு தொடங்கி, 2008 முடிவதற்குள் 14 மத்திய வங்கிகளுக்கு விரிந்தது. அந்தப் பற்றாக்குறையின் அளவைப் பின்னர் கணக்கிட உதவியவை, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள, மத்திய வங்கிகளுக்கான வங்கியாகிய பன்னாட்டுத் தீர்வு வங்கி பல பத்தாண்டுகளாகப் பொறுமையோடு திரட்டிவந்த புள்ளிவிவரங்கள்.

இப்பணியை விரும்பும் இளைஞர்களிடம், கணிதத்தோடு பொருளாதார வரலாற்றையும் படியுங்கள் என்பேன். ஒவ்வொரு எண்ணையும் யார், எப்போது, எப்படித் திரட்டினார்கள் என்று கேட்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். நிச்சயமின்மையை மறைக்காமல் சொல்லவும் பழக வேண்டும். இங்கிலாந்து வங்கி 1996 முதல் தன் பணவீக்கக் கணிப்பை ஒற்றைக் கோடாக வரையாமல், காலம் செல்லச் செல்ல விரியும் விசிறி வடிவில் வெளியிட்டது. 2007 நவம்பரில் அது இன்னொரு படி சென்றது: உற்பத்தி வளர்ச்சிக்கான வரைபடத்தில், கடந்துபோன காலாண்டுகளின் மேலும் அந்த விசிறியை விரித்து, நேற்றைய வளர்ச்சிக்கும் ஒரே எண்ணைச் சொல்ல இயலாது என்பதை மக்களுக்கு வெளிப்படையாகக் காட்டியது.

நன்றி, வணக்கம்.